மூணாந்தரம் சொல்லும் முன்னே

(நில உரிமைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் பஞ்சமி நிலம் நம் கையைவிட்டு எப்படியெல்லாம் போனது என்று சொன்னார்கள். கைநாட்டு வாங்கி எடுத்துக்கொண்டது, பட்டாவில் பெயர் மாற்றியது, சாராயக் கடனுக்கும் சாவுக் கடனுக்கும் எழுதி வாங்கியது, எல்லாமே உண்மை. நான் அவர்கள் தொடாத ஒரு வழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது திருட்டு வழி இல்லை. பட்டப்பகலில், அதிகாரி முன்னிலையில், நோட்டீசு ஒட்டி, தண்டோரா போட்டு, ரசீது கொடுத்து நம்ம நிலத்தை எடுத்துக்கொள்கிற வழி. அதுக்குப் பேரு பொது ஏலம்.

ஏலத்தைப் பற்றிப் படித்தவர்கள் என்ன சொல்றாங்க? 'ஏலத்தில் சாதி கிடையாது. காசு இருக்கிறவன் கேட்கலாம். அதிகம் கேட்டவனுக்கு நிலம்' என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஊர்க்கிணறும் பொதுதான், ஊர்க்கோயிலும் பொதுதான், டீக்கடையும் பொதுதான். அந்தப் பொதுவுக்குள்ளே சேரி எப்போது போனது? போராடி, அடிபட்டு, செத்து அல்லவா போனது? இன்னும் போக முடியாத இடங்கள் எத்தனை? அப்படியிருக்க, நிலம் விற்கிற இடத்தில் மட்டும் இந்தப் 'பொது' திடீரென்று நமக்கும் சேர்த்து வந்துவிடுமா?

முதலில் எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்கள் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். பண்ணையில் அடிமையாகக் கிடக்கிறவனுக்கு நிலம் கொடுத்தாலொழிய விடிவு இல்லை என்பது அதன் சாரம். அதற்கு முன்னாலும் தரிசு நிலம் கேட்டு நம் மக்கள் தர்காஸ்து போட்டுத்தான் பார்த்தார்கள். சேரிக்காரன் மனு போட்டால் மிராசுதாரன் குறுக்கே வந்து 'அந்தத் தரிசில் எனக்குத்தான் முதல் உரிமை' என்பான். மனு தள்ளுபடியாகும். 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையின் பேரில்தான் தாழ்த்தப்பட்டோருக்குத் தனியாக நிலம் ஒதுக்கப்பட்டது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு.

கொடுத்தது என்ன நிலம்? வாய்க்கால் பாய்கிற நஞ்சையா? இல்லை. கரம்பு, கல்லாங்குத்து, முள்ளுக்காடு. மாடு மேயவும் பயப்படுகிற மேடு. நம்ம தாத்தன் பாட்டிமார் கூலிக்குப் போய்விட்டு வந்து, நிலா வெளிச்சத்தில் கல் பொறுக்கி, வேர் பிடுங்கி, கிணறு வெட்டி அதை விளைநிலமாக்கினார்கள். தரிசாகக் கிடந்தவரை ஊர்க்காரன் கண்ணுக்கு அது தெரியவில்லை. நெல் விளைந்ததும் தெரிந்தது.

அந்த நிலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் 10 வருசம் யாருக்கும் விற்கக்கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்ட இனத்தாருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு நட்டஈடு தராமல் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டி.சி. நிலம் என்று நம்ம பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வருவாய் வாரிய நிலை ஆணை 15-இல் இது இருக்கிறது. இந்த நிபந்தனை செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றமும் 2008-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

சரி, நாமே விற்கத்தான் தடை. ஏலம் விட்டால்?

இங்கேதான் 1864-ஆம் வருசத்து வருவாய் வசூல் சட்டம் வருகிறது. வெள்ளைக்காரன் போட்டது, இன்றைக்கும் இருக்கிறது. தீர்வை பாக்கிக்கு நிலத்தை ஜப்தி செய்து ஏலம் விட அது அதிகாரம் கொடுக்கிறது. தீர்வைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இன்னும் பல பாக்கிகளை 'நிலவரி பாக்கி மாதிரி' வசூலிக்கலாம் என்று பின்னால் வந்த சட்டங்கள் சேர்த்துக்கொண்டே போயின. 1934-இல் நில அடமான வங்கிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். கோர்ட்டுக்கே போகாமல் அடமான நிலத்தை விற்கிற அதிகாரத்தை அது கொடுத்தது. 2002-இல் வங்கிகளுக்கு வந்த சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கதவை மூடினால் கோர்ட்டு கதவும் தாலுகா ஆபீசு கதவும் திறந்தேதான் இருக்கு.

ஏலம் எப்படி நடக்கிறது? ஒரு மாதம் முன்னால் கலெக்டர் ஆபீசிலும், தாலுகா கச்சேரியிலும், போலீசு ஸ்டேசனிலும், நிலத்திலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஏலம் எடுத்தவன் அந்த இடத்திலேயே 100-க்கு 15 கட்ட வேண்டும், மீதியை 30 நாளில் கட்ட வேண்டும். நிலத்துக்காரன் அந்த 30 நாளுக்குள் பாக்கியையும், ஏலத் தொகையில் 100-க்கு 5-ம் சேர்த்துக் கட்டினால் ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம். முறைகேடு நடந்திருந்தால் அதே 30 நாளுக்குள் மனு போடலாம். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு.

நான் பல வருசமாகத் தாலுகா ஆபீசு வாசலில் நம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன். இந்த ஒழுங்கு தரையில் எப்படி நடக்கிறது என்று ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊர் பேரும் வேண்டாம், வங்கி பேரும் வேண்டாம்.

2003-இல் ஒரு அம்மா வந்தார். அவருக்கு 1 ஏக்கர் 20 சென்ட், கிணற்றோடு. பாட்டன் காலத்து டி.சி. நிலம். புருசன் இருந்தபோது மோட்டார் வைக்கக் கடன் வாங்கினார்கள். அடமானம் பிடித்தபோது 'இது என்ன நிலம்?' என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ரெண்டு வருசம் மழை பொய்த்தது, புருசனும் செத்துப்போனார். பாக்கி வட்டியோடு 38 ஆயிரம். நோட்டீசு ஒட்டினார்கள். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தண்டோரா போட்டார்கள், ஊர்த்தெருவில். சேரிப் பக்கம் வரவே இல்லை. நிலம் சேரியில் இருக்கு, ஏலச்செய்தி ஊரில் இருக்கு! தோழர்களே, அந்தப் பறையை அடித்தது யார்? நம்ம ஆள். அவனுக்குக் கொடுத்த காகிதத்தில் சர்வே நம்பர்தான் இருந்தது. யாருடைய நிலம் என்று அவனுக்குத் தெரியாது.

ஏலத்துக்கு மூணு பேர் வந்தார்கள். ஒருத்தர் மாமனார், ஒருத்தர் மருமகன், மூணாவது ஆள் அவங்க வீட்டு டிராக்டர் டிரைவர். மூணு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்களாம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். 52 ஆயிரத்துக்கு முடிந்தது. பக்கத்து நிலம் அதே வருசம் இதைப்போல் நாலு மடங்குக்குக் கிரையமாகியிருக்கிறது. சேரியிலிருந்து யாராவது போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். 15 பங்கு பணத்தை அங்கேயே எண்ணி வைக்க எந்தக் குடிசையில் இருந்தது? இருந்தாலும், கேட்டுவிட்டு மறுநாள் எந்தத் தெரு வழியாக நடப்பான்? யார் வயலில் கூலிக்குப் போவான்?

அந்த அம்மா என்னிடம் வந்தபோது ஏலம் முடிந்து 47 நாள் ஆகியிருந்தது. 30 நாள் கெடு என்று அவருக்குச் சொன்னவர்கள் யாரும் இல்லை. மனு எழுதினேன். 'காலங்கடந்தது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அடுத்த பட்டத்தில் அவர் அதே வயலில் கூலிக்கு நடவு நட்டார். தன் மாமனார் வெட்டிய கிணற்றுத் தண்ணீர் பாய்கிற வயலில்.

இதில் எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். 'எல்லாம் முறைப்படி' என்பார்கள். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கிரையப் பத்திரத்தில் செய்ய முடியாததை ஏலம் செய்து கொடுக்கிறது. சாதி இந்து நேராக வந்து வாங்கினால் நிபந்தனை மீறல். அதையே அதிகாரி கையால் வாங்கினால் சுத்தமான சொத்து.

ஏலம் எடுத்தவர்கள் கையில் ஒரு வாதம் இருக்கிறது. வருவாய்ச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தீர்வை பாக்கிக்கு ஏலம் போகிற நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் விற்கப்படும் என்கிறது. 'அதனால் பஞ்சமி நிபந்தனையும் போச்சு' என்பார்கள். நான் கேட்கிறேன்: வில்லங்கம் என்றால் என்ன? ஒருவன் நிலத்தின் பேரில் ஏற்றி வைத்த கடன், அடமானம், பாத்தியதை. பஞ்சமி நிபந்தனை அந்த அம்மா வாங்கிய கடனா? அது அரசாங்கம் நிலத்தைக் கொடுத்தபோதே மண்ணோடு சேர்த்துக் கொடுத்தது. அந்த அம்மாவிடம் இல்லாத உரிமையை, அதாவது சாதி இந்துவுக்கு விற்கிற உரிமையை, அந்த அம்மா பேரில் ஏலம் விடுகிற அதிகாரி எங்கிருந்து எடுத்தார்? இந்தக் கேள்வியை ஒவ்வொரு மனுவிலும் எழுதுங்கள்.

இது நடக்காத கற்பனை இல்லை. பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள். கர்நாடகத்தில் 1978-இல் ஒரு சட்டம் போட்டார்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அரசு கொடுத்த நிலத்தைக் கைமாற்றுவதைத் தடுக்க. அதன் 4-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: கோர்ட்டு டிகிரியை நிறைவேற்ற விற்றாலும், வேறு எந்த அதிகாரியின் உத்தரவில் விற்றாலும் இந்தத் தடை பொருந்தும். உச்சநீதிமன்றம் 1984-இல் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆந்திராவில் 1977-இல் அதேபோல் ஒரு சட்டம் வந்தது. அதிலும் கோர்ட்டு விற்பனைக்குத் தடை உண்டு. ஆனால் 6-ஆம் பிரிவில் ஒரு ஓட்டை வைத்தார்கள். அரசு, கூட்டுறவுச் சங்கம், வங்கியிடம் அடமானத்தில் இருக்கிற நிலத்துக்குச் சட்டம் பொருந்தாதாம். ஏழைக்கு அடமானம் வைக்க வேறு யார் இருக்கிறார்கள்? முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். நமக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று கேட்கும்போது கர்நாடகத்துக் கதவைக் கேட்க வேண்டும், ஆந்திராவின் ஓட்டையை அல்ல.

'சரி, ஏலத்தில் தலித் மட்டும்தான் கேட்கலாம் என்று விதி வைத்துவிட்டால் போதாதா?' என்று ஒரு தோழர் கேட்டார். போதாது. அதற்குச் சாட்சி பஞ்சாப்.

பஞ்சாபில் 2011 கணக்கெடுப்புப்படி 100-க்கு 32 பேர் நம்ம மக்கள். விவசாய நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது 100-க்கு 4-க்கும் குறைவு. அங்கே கிராமப் பொது நிலத்தை வருசா வருசம் குத்தகைக்கு ஏலம் விடுவார்கள். 1961-ஆம் வருசத்துச் சட்டமும் அதன் விதிகளும் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியிருக்கின்றன. பல காலம் நடந்தது என்ன? ஜாட் நிலக்கிழார் தன் பண்ணையாள் பேரில் ஏலம் கேட்பார். காகிதத்தில் தலித், கதிர் அறுப்பது ஜாட். நம்மூர் டிராக்டர் டிரைவர் அங்கேயும் இருந்தார்!

2014-இல் சங்ரூர் பக்கத்து மக்கள் 'ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி' என்று சேர்ந்தார்கள். நிலம் பெறும் போராட்டக் குழு என்று அர்த்தம். அவர்கள் செய்தது ரொம்ப எளிய காரியம். சேரி முழுக்கக் கூடி, நமக்குள் ஒருத்தர்மேல் ஒருத்தர் ஏற்றிக் கேட்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். எல்லோர் சார்பிலும் ஒரே கேள்வி. பினாமி வந்தால் ஏலத்தை நடக்கவிடாமல் உட்கார்ந்தார்கள். கிடைத்த நிலத்தைக் கூட்டாகப் பயிரிட்டார்கள். பெண்கள்தான் முன்னணியில் நின்றார்கள். ஏன் தெரியுமா? மாட்டுக்குப் புல்லறுக்க ஜாட் வயலுக்குப் போனால் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சொந்த வயல் என்றால் சொந்தப் புல். சும்மா விட்டார்களா? பலத் கலானில் போலீசு தடியடி. ஜலூர் கிராமத்தில் 2016 அக்டோபரில் சேரிக்குள் புகுந்து தாக்கினார்கள். அதில் காயப்பட்ட ஒரு மூதாட்டி அடுத்த மாதம் இறந்தார். இத்தனைக்கும் அது விற்பனைகூட இல்லை, வருசக் குத்தகை. அதற்கே இந்த ரத்தம் என்றால், விதியை மட்டும் நம்பி வீட்டில் உட்கார முடியுமா? விதி ஒரு காலென்றால் சங்கம் இன்னொரு கால்.

இப்போது நம்மவர்களே கேட்கிற ஒரு கேள்விக்கு வருகிறேன். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 'நிலத்தை ஏலம் விடக்கூடாது என்றால் எந்த வங்கி எங்களுக்குக் கடன் கொடுக்கும்? கந்துவட்டிக்காரனிடம் அனுப்புகிறீர்களா?' நியாயமான கேள்வி. ஆனால் அடமானம் இல்லாமலே விவசாயக் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரி முதல் அந்த வரம்பு 2 லட்சம் ரூபாய். ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிற நம்மவர் பயிர்ச்செலவுக்கு அது போதும். அதற்குள் கடன் கேட்கும்போதும் பட்டாவை வாங்கி வைத்துக்கொள்கிற மேனேஜரைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். பெரிய கடனென்றால் அரசு ஜாமீன் நிற்கட்டும். கடன் தீர விளைச்சலில் வசூலிக்கட்டும். பால் கறந்து கடனை அடை என்றால் நியாயம். மாட்டையே அறுத்து அடை என்றால் அப்புறம் எதைக் கறப்பது?

இன்னொரு வழியும் பழைய சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏலத்தில் கேட்க ஆள் வராவிட்டால் சர்க்காரே நிலத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். ரெவின்யூ பாஷையில் 'பாட் இன்' நிலம் என்பார்கள். அப்படியானால் நாம் கேட்பது புதுசா ஒன்றுமில்லை. டி.சி. நிலம் ஏலத்துக்கு வந்தால் சர்க்காரே எடுக்கட்டும். பாக்கியைத் தள்ளுபடி செய்து அதே குடும்பத்துக்குத் தவணையில் திருப்பிக் கொடுக்கட்டும். அந்தக் குடும்பத்தால் முடியாவிட்டால் அதே சேரியில் நிலமில்லாத பெண்கள் குழுவுக்குக் கொடுக்கட்டும். ஒரு சென்ட்கூட நிபந்தனைக்கு வெளியே போகக்கூடாது.

அண்ணல் அம்பேத்கர் 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்கு எழுதிக் கொடுத்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் விவசாயத்தையே அரசுத் தொழிலாக்கச் சொன்னார். நிலம் அரசுடையது, கிராமத்தார் சாதி பார்க்காமல் கூட்டாகப் பயிரிட வேண்டும், நிலக்கிழாரும் குத்தகைக்காரரும் நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது என்றார். அவ்வளவு தூரம் போகிற துணிச்சல் எந்த அரசுக்கும் வரவில்லை. குறைந்தபட்சம், 1892-இல் வெள்ளைக்காரன் கொடுத்ததையாவது சுதந்திர நாட்டு அதிகாரி 'மூணு தரம்' சொல்லிப் பிடுங்காமல் இருக்கலாம் அல்லவா?

கடைசியாக, நாளைக்குக் காலையிலிருந்து என்ன செய்வது என்று சொல்லி முடிக்கிறேன்.

ஒவ்வொரு சேரியிலும் எழுதப் படிக்கத் தெரிந்த ரெண்டு பேர், அதில் ஒருவர் பெண், மாதம் ஒருமுறை தாலுகா ஆபீசு நோட்டீசு பலகையைப் பார்த்துவிட்டு வரட்டும். சர்வே நம்பரைக் குறித்துக்கொண்டு அ-பதிவேட்டிலும் பழைய நில அளவைப் பதிவேட்டிலும் ஒத்துப் பாருங்கள். டி.சி. நிலம் என்று தெரிந்தால் ஏலத்துக்கு முன்பே தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் எழுத்து மூலமாக ஆட்சேபம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஏலத்தன்று சேரியே அங்கே இருக்கட்டும். சத்தம் போட வேண்டியதில்லை, நிபந்தனையை உரக்கப் படித்துக் காட்டினால் போதும். வில்லங்கமான நிலம் என்று தெரிந்தால் பணம் வைத்திருப்பவன் யோசிப்பான். ஏலம் முடிந்துவிட்டால் 30 நாள் என்பதை மறக்காதீர்கள். 31-ஆம் நாள் வருகிற நியாயத்துக்குத் தாலுகா ஆபீசில் மதிப்பில்லை. தண்டோரா போடுகிற தம்பிமார்களுக்கும் சொல்கிறேன்: காகிதத்தை வாங்கினால் முதலில் நம்ம தெருவில் வந்து படி.

இந்த மாவட்டத்தில்தான் காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போனவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீசு சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் எந்த ஏலத்திலும் கேட்கப் போகவில்லை. நம்முடையதை நம்மிடம் கொடு என்றுதான் போனார்கள். அந்தக் கோரிக்கையை விலை பேசுகிற மேடைக்கு நாம் கொண்டுபோகக் கூடாது. நிலம் ஏலத்துக்கு வருகிற இடத்துக்கு நிபந்தனையைக் கொண்டுபோக வேண்டும். ஒரு தரம் சொல்லும்போதே நாம் அங்கே இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.